லவ் பேர்ட்ஸின் பிறந்தகம்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில், முற்றத்தை அடுத்த தாழ்வாரத்தில், என் தகப்பனார் சென்னை மூர் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த நான்கு சின்னஞ்சிறு கிளிகள், பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் கம்பி வலை அடித்துத் தச்சர் செய்து கொடுத்த கூண்டுக்குள் சுமார் ஒன்றரை வருஷ காலம் வாசம் செய்தன. நாங்கள் அவற்றை லவ் பேர்ட்ஸ் என்றே அழைத்தோம். ஊரும் அப்படித்தான் அழைத்தது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் அவற்றுக்கு அதுதான் பெயர். அந்தப் பெயருக்கு நியாயமாக உரிமை கொண்டாட வேண்டியவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு ஜாதிக் கிளிகள் என்பதும், எங்கள் தாழ்வாரத்தில் இருந்தவை ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுப் பாலையைப் பிறந்தகமாக உடைய பட்ஜரிகர் என்பதும் எனக்குத் தெரியவந்தபோது தலை நரைத்துவிட்டது.

கூண்டுக்குள் பக்கவாட்டில் துளையிட்ட சிறு மண் கலயம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தோம். வேளை தவறாமல் தினை போட்டோம், தண்ணீர் வைத்தோம், அதற்கு மேல் ஒரு பறவைக்கு என்ன வேண்டியிருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் காலையில் பச்சைப் பெட்டை கூண்டின் தரையில் இறகு சிலிர்த்து உட்கார்ந்திருந்தது. முட்டை வெளிவராமல் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று யாரோ சொல்ல, என் தகப்பனார் விளக்கெண்ணெயைத் தொட்டுத் தடவி, உள்ளங்கையின் சூட்டில் அதை வைத்துக்கொண்டு மத்தியானம் வரையில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் முற்றத்து மாதுளைச் செடியின் அடியில் அதைப் புதைத்தோம். மிச்சமிருந்தவற்றை ஒரு சிநேகிதர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அத்துடன் எங்கள் குடும்பத்தின் பறவைப் பரிபாலனம் முடிவுற்றது.

இவ்வளவு காலம் சென்ற பிறகு, அடிலெய்டு நகரத்தில் குடியிருக்கும் என் பெண்ணின் வீட்டுக் கொல்லையில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில், வேலிக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் கேட்டது. கிளியின் கத்தல் அல்ல. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில், ஒரு கூட்டம் ஸ்திரீகள் கல்யாண வீட்டில் தாழ்ந்த குரலில் ஓயாமல் சம்பாஷித்துக்கொண்டிருப்பதைப் போன்ற இரைச்சல். மறந்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்த சத்தம் காதுக்கு மறக்கவில்லை. நமக்கு ஆடி மாதம்; அவர்களுக்கோ நடுக் குளிர்காலம். காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். அந்தக் குளிரில் ஐம்பது அறுபது கிளிகள் உல்லாசமாகப் பேசிக்கொண்டிருந்தன.

வேலிக்கு அப்பால் இருந்தவர் சிறு பையனாக ஹாலந்திலிருந்து பெற்றோருடன் கப்பலேறி வந்து, மோட்டார்த் தொழிற்சாலையில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்ற கிழவர், எழுபத்தைந்து கடந்தவர், மனைவியை இழந்தவர். என்னுடைய கும்பகோணத்துக் கதையை வேலியோரமாகவே கேட்டுவிட்டு, இரங்கலாக ஒரு வார்த்தையும் சொல்லாமல், "கணவாய் ஓடு வைத்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

அந்தக் கதவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஒரு கதவு அல்ல, இரண்டு. வெளிக்கதவைத் திறந்து, ஓர் ஆள் நிற்கக்கூடிய நடையில் புகுந்து, அதைத் தாழிட்ட பிறகே உட்கதவைத் திறக்க வேண்டும். பறவை பறந்தாலும் நடையோடு நிற்கும். கூண்டு ஆறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம். பின்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு கூரையும் சுவரும் கொண்ட அறை. முன்பக்கம் வானம் பார்த்த வலை. நம் நாட்டுக்காரனுக்கு விசித்திரமாகப் படுகிறபடி அது வடக்கு நோக்கி இருந்தது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெகுதூரம் சென்றுவிட்ட அந்த ஊரில் குளிர்காலச் சூரியன் வடக்கு வானத்திலேதான் சஞ்சரிக்கிறான் என்பதும், தென்காற்றே பனிக்காற்று என்பதும் கிழவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. வலைக்குக் கறுப்பு வர்ணம் பூசியிருந்தார். கம்பி பளபளத்தால் கண் கம்பியிலேயே நிற்கும். கறுத்திருந்தால் கம்பி மறைந்து பறவை தெரியும். வலைக் கண்ணோ சுண்டெலிக்குஞ்சு நுழைய முடியாத அளவு சின்னது. எலி வந்தால் தானியம் கெடும். எலியைத் தேடிப் பாம்பு வரும். அந்த நாட்டுப் பழுப்புப் பாம்பு விளையாட்டுக்குரியது அல்ல.

உள்ளே போனதும் அவர் செய்த முதல் காரியம், தட்டிலே வழிய வழிய இருந்த தானியத்தை எடுத்து வாயால் ஊதியதுதான். பாதிக்கு மேல் பறந்துவிட்டது. "உமி" என்றார். பட்ஜரிகர் மணியைத் தோல் உரித்துத் தின்றுவிட்டு உமியை அதே தட்டில் விட்டுவிடுகிறது. தட்டு நிறைந்திருப்பதாக நம்பி எஜமானன் ஊருக்குப் போய்விடுகிறான். பறவை உமி மலையின் மேல் உட்கார்ந்து பட்டினியால் சாகிறது. பறவை வளர்க்கப் புறப்படுகிறவனுக்கு முதல் பாடம் ஊதுவது என்றார். நெல் குத்தும் வீட்டில் பிறந்த எனக்கு இதை ஒரு டச்சுக்காரர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

தானிய மூட்டைகளைத் திறந்து காட்டியபோது எனக்கு உண்டான ஆச்சரியத்தை என்னவென்று சொல்வது! கடல் கடந்து வந்து நம் மானாவாரி நிலத்துக் களஞ்சியத்தையே பார்ப்பது போல் இருந்தது. அவர் வெள்ளை மில்லட் என்று கூறியது நம் பனிவரகு. ஜப்பானிய மில்லட் என்று கூறியது குதிரைவாலியின் ஒன்றுவிட்ட சகோதரம். பானிக்கம் என்று கூறியது சாக்ஷாத் தினை. (பானிக்கம் என்ற சாஸ்திரப் பெயர் உண்மையில் பனிவரகுக்கு உரியது, அந்த நாட்டுத் தானிய வியாபாரிகள் அதைப் பறித்துத் தினைக்குச் சூட்டிவிட்டார்கள், தாவர சாஸ்திரிகள் எவ்வளவு சொல்லியும் மூட்டையின் மேல் எழுத்து மாறுவதாக இல்லை.) இவற்றுடன் கேனரி விதை ஒரு பங்கு, குளிர் நாட்களில் மட்டும் கொஞ்சம் ஓட்ஸ். ஓட்ஸை அதிகம் கொடுத்தால் கிளி கொழுத்துவிடும், கொழுத்த கிளி முட்டை இடாது, இட்டாலும் பொரிக்காது. முழுத் தினைக் கதிர்களைக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார். குஞ்சு கூட்டை விட்டு வந்த முதல் வாரத்தில் தட்டு எது, தானியம் எது என்று அறியாது தடுமாறும்போது கதிர்தான் அதற்குக் கை கொடுக்கிறதாம்.

வலையில் கணவாய் ஓடு செருகியிருந்தது. வெள்ளையாய், படகு வடிவமாய், நகத்தால் கீறினால் மாவாய் உதிர்வதாய் இருந்த அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது, கடல் நுரை. எங்கள் வீட்டிலிருந்து நான்காவது கட்டடத்தில் இருந்த நாட்டு மருந்துக் கடையில், சுக்குக்கும் கடுக்காய்க்கும் பக்கத்தில், கண்ணாடி ஜாடி நிறைய அது எப்பொழுதும் இருந்தது. முட்டை ஓட்டுக்கும், முட்டையைத் தள்ளுகிற தசையின் பலத்துக்கும் சுண்ணாம்புச் சத்து வேண்டும். வெறும் தினையில் அது கிடையாது. ஓரணா பெறாத அந்தத் துண்டு கூண்டில் இருந்திருந்தால் அந்தப் பெட்டை ஒருவேளை பிழைத்திருக்கும். கிழவர் நான் சும்மா நிற்பதைக் கண்டு, யூகலிப்டஸ் கிளைகளை மாற்றும் வேலையில் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார்.

அவருடைய வித்தையின் மர்மம் அறையின் மூலையில் மூன்று வாளிகளில் இருந்தது. ஒன்றில் இரவு ஊறவைத்த தானியம். இரண்டாவதில் வடிகட்டிக் கழுவி மூடிவைத்தது. மூன்றாவதில் வெள்ளை முளை எட்டிப் பார்ப்பது. தினம் இருமுறை கழுவுகிறார், முகர்ந்து பார்க்கிறார், புளிப்பு வாடை லேசாக அடித்தாலும் குப்பையில் கொட்டிவிடுகிறார். இந்த முளைத் தானியத்தை வருஷம் முழுவதும் அவர் கொடுப்பதில்லை. கோடையின் நான்கு மாதம் வறண்ட தானியமும் தண்ணீரும் மட்டுமே. கூட்டுப் பெட்டிகளையும் கழற்றி உள்ளே வைத்துவிடுவார். குளிர் தொடங்கிய பிறகு ஒரு நாள் திடீரென்று பெட்டிகள் மேலே ஏறும். முளைத் தானியம் வரும். சாலையோரத்தில் அறுத்த, பால் பிடித்த பச்சைப் புற்கதிர்கள் வரும். வேக வைத்த முட்டையை ரொட்டித் தூளோடு பிசைந்த உருண்டை வரும். கூரை வலையின் மேல் ஓட்டிவிட்ட குழாயிலிருந்து காலை மாலை அரை மணி நேரம் தூறல் விழும். பாலைவனத்தில் மழை பெய்துவிட்டது என்று கிளிகள் தீர்மானிக்கின்றன. பத்து நாளில் சேவலின் மூக்குத்தோல் நீலம் மின்னுகிறது, பெட்டையின் மூக்குத்தோல் தடித்துப் பழுப்பாகிறது, கலியாணங்கள் நடந்தேறுகின்றன.

நம் ஊரில் அதே ஆடி மாதத்தில், மாரியம்மன் கோயிலுக்கு மழை வேண்டி முளைப்பாரி எடுக்கிறார்கள். நான் இதைச் சொன்னபோது கிழவர் வெகு சிரத்தையாகக் கேட்டுவிட்டு, "முளைக்க எத்தனை நாள் வைப்பார்கள்? புளிக்காதா?" என்றார்.

கூட்டுப் பெட்டிகள் இருபது. ஜோடிகள் பன்னிரண்டு. பெட்டி அதிகம் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். உயரத்தில் ஒன்றை மாட்டினால் எல்லாப் பெட்டைகளுக்கும் அதுதான் வேண்டும். அதற்காக நடக்கும் யுத்தத்தில் குஞ்சுகளின் மண்டை உடையும். ஜோடியில்லாத ஒற்றைப் பெட்டை கூண்டில் இருந்தால் அது கொலைகாரியாகிவிடுகிறது. லவ் பேர்ட்ஸ் என்று பெயர் வைத்தவர் இவற்றைப் பேறுகாலத்தில் பார்த்தவரல்லர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாவது பெட்டியின் பின்பலகையைச் சத்தமில்லாமல் நகர்த்திக் காட்டினார். குழிந்த மரத்தூள் படுக்கையில் ஐந்து குஞ்சுகள். பட்ஜரிகர் ஒன்று விட்டு ஒரு நாள் முட்டையிட்டு, முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால், பதினெட்டு நாள் கழித்து அவை வரிசைக்கிரமமாகப் பொரிகின்றன. ஆகவே மூத்தது பச்சை இறகு முளைத்துக் குட்டிக் கிளியாகவும், கடைசி, கண் திறவாத, பெருவிரலின் நுனியளவே ஆன இளஞ்சிவப்புச் சதைத்துளியாகவும், ஒரே வீட்டின் படிக்கட்டைப்போல் இருந்தன. அந்தச் சின்னஞ்சிறியதின் கழுத்தருகில் தோலுக்குள் வெளுப்பாக ஒரு பை தெரிந்தது. தாய் தன் இரைப்பையில் ஊறும் பாலை ஊட்டியிருக்கிறது என்றார். மூத்தவற்றுக்கு அரைத்த தானியம், இளையதற்குப் பால். ஒரே இருட்டில் ஒரே அலகால் யாருக்கு எது என்று அது எப்படிப் பிரித்துக் கொடுக்கிறதோ! நாலு குழந்தைகளுக்குப் பந்தி விசாரித்த என் தாயாரின் ஞாபகம் வந்தது.

தனியாக வலையடித்துச் சூடு பண்ணிய ஒரு பக்கத்தில் கூல்டியன் சில்லைகள் இருந்தன. பச்சை முதுகு, ஊதா மார்பு, மஞ்சள் வயிறு. தலை பெரும்பாலும் கறுப்பு, சிலவற்றுக்குச் சிவப்பு, மிக அபூர்வமாக மஞ்சள். ஜான் கூல்ட் என்ற ஆங்கிலப் பறவை சாஸ்திரியுடன் ஹோபார்ட் வரை வந்து, சித்திரங்கள் எழுதிக் குவித்துவிட்டு, 1841இல் பிரசவத்தை ஒட்டி இறந்துபோன அவர் மனைவி எலிசபெத்தின் ஞாபகமாக வைத்த பெயர். அதன் குஞ்சின் வாய்க்கடையில் நீல மணிகள் போன்ற முண்டுகள் உண்டு. பொந்தின் இருட்டில் கிடைக்கிற சொற்ப வெளிச்சத்தை அவை திருப்பிக் காட்ட, தாய் வாய் இருக்கும் இடம் அறிகிறது. அழகில் இதற்கு நிகரான பறவையை நான் பார்த்ததில்லை. ஆயினும் என் கால்கள் பட்ஜரிகர் பக்கமே திரும்பின.

இவற்றைக் காட்டில் பார்த்திருக்கிறீர்களா என்று கிழவரைக் கேட்டேன். நாற்பது வருஷமாக வளர்க்கிறார். ஒரு தடவையும் பார்த்ததில்லை. "காலையில் தண்ணீர் யார் மாற்றுவது?" என்றார்.

நான் பார்க்கப் போனேன். என் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு விமானத்தில் முன்னதாகச் செல்ல, எனக்கு மட்டும் தி கான் ரெயிலில் இடம் பதிவு செய்யப்பட்டது. "விமானத்தைவிட ரெயிலுக்குக் காசு அதிகம், மாமா" என்று மாப்பிள்ளை ஜாடையாகச் சொன்னார். அது எனக்குக் காது கேட்காத நேரம். பலூசிஸ்தானத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் ஒட்டகங்களுடன் வந்து இந்தக் கண்டத்தின் வயிற்றைத் திறந்துவிட்டவர்களை ஒட்டுமொத்தமாக ஆப்கானியர் என்று அழைத்த வழக்கத்தின் எச்சம் அந்த ரெயிலின் பெயர். அடிலெய்டிலிருந்து டார்வின் வரை 2,979 கிலோமீட்டர் ஓடுகிறது. நான் பாதியில் இறங்க வேண்டியவன். கோதுமை வயல்கள் முடிந்து, புதர்கள் முடிந்து, மறுநாள் மார்லா என்ற இடத்தில் சூரியோதயம் பார்க்க இறக்கிவிட்டபோது, நாலாபுறமும் செம்மண். அதன் மேல் எதிர்பாராத விதமாகப் பச்சை பூசினாற்போல் புல். அந்த வருஷம் மழை பெய்திருந்தது.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே 135 கிலோமீட்டரில், மக்டானல் மலைத்தொடரில், ஆர்மிஸ்டன் என்ற கணவாய் இருக்கிறது. சிவந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே எளிதில் வற்றாத மடு. வெள்ளை அடிமரங்களோடு நிற்கும் கோஸ்ட் கம் மரங்கள். அருகிலேயே கூடாரமடித்து, எலும்பு வரை குளிர்ந்த ஓர் இரவைக் கழித்துவிட்டு, விடியுமுன் கம்பளியைப் போர்த்துக்கொண்டு மணலில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவை வரிச்சில்லைகள். கிழவர் கூண்டிலும் உண்டு. பன்னிரண்டு கிராம் எடையுள்ள, சிவந்த அலகுப் பறவைகள். பொம்மை ஊதல் போல் அவை கூவுவதைக் கேட்டு, பிட்ஜன்ஜாரா மொழி பேசும் ஆதிக்குடிகள் அவற்றை "ஞீ ஞீ" என்றே அழைக்கிறார்கள். ஆங்கிலேயன் எழுத்துக் கூட்டித் தவிக்கிற அந்த ஒலிக்கு நம்மிடம் தனியாக ஓர் எழுத்தே இருக்கிறது. அரிச்சுவடியில் அதற்குப் பெரும்பாலும் வேலை இல்லாமல் இருந்தது. ஞீ ஞீ இருக்கும் இடத்திற்கு அருகில் தண்ணீர் இருக்கும் என்பது பாலையில் வழி நடப்பவர்கள் அறிந்த விஷயம்.

பிறகு காற்று வீசுவது போல ஒரு சத்தம் எழுந்தது. மரங்களில் இலை அசையவில்லை. கணவாயின் வாயில் பச்சைப் புகை ஒன்று திரும்பி, மறைந்து, மறுபடி திரும்பியபோது மஞ்சளாகி, எங்கள் தலைக்கு மேல் வந்து கிளிகளாயிற்று. நூறா, ஆயிரமா என்று எண்ணுவது மழைத்துளியை எண்ணுவதாகும். தண்ணீரின் விளிம்பில் இறங்கிய வரிசை ஒரு வாய், இரண்டு வாய் குடித்து எழும்ப, அடுத்த வரிசை அந்த இடத்தில் இறங்கியது. மேலிருந்து வல்லூறு ஒன்று கல் விழுவதுபோல் விழுந்தது. கூட்டம் இரண்டாகப் பிளந்து மறுபடி சேர்ந்தது. ஒன்று குறைந்ததா இல்லையா என்று தெரியவில்லை. இவ்வளவிலும் நீலம் ஒன்றுகூட இல்லை, வெள்ளை இல்லை, முழு மஞ்சள் இல்லை. எல்லாம் பச்சை. 1840இல் கூல்ட் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவையும் பச்சையே. மற்ற நிறங்கள் ஐரோப்பியக் கூண்டுகளில் தற்செயலாகப் பிறந்து, வளர்ப்பவர்களால் போற்றிப் பெருக்கப்பட்டவை. ஆஸ்திரேலியா தன் சொந்தப் பறவைகளின் வியாபார ஏற்றுமதியை நிறுத்தி வெகுகாலமாகிறது; ஆகையால் மூர் மார்க்கெட்டுக் கிளிகள் எத்தனையோ தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்த வம்சம். எங்கள் பச்சைப் பெட்டை பழைய முகஜாடையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது.

பறவைகள் போன பின் எழுந்து கரையோரமாக நடந்தேன். வறண்ட ஆற்றுப்படுகையில் நின்ற பெரிய சிவப்பு யூகலிப்டஸின் கணுப்பொந்து ஒன்றில் பழுப்பு மூக்குடன் ஒரு தலை எட்டிப் பார்த்து உள்ளே போயிற்று. ஏழாவது பெட்டியின் துவாரமும் அதே அளவுதான். முழங்கால் உயரம் நின்ற புல்லில் ஒரு கதிரை ஒடித்து, பெயர் தெரியாத அந்த மணியை நகத்தால் நசுக்கினேன். வெள்ளையாய்ப் பால் வந்தது.

அடிலெய்டு திரும்பியதும் கிழவரிடம் போனேன். ஆயிரக்கணக்கில் பறந்ததை நான் கையை வீசி வர்ணித்ததை அவர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார். கதிரில் பால் இருந்தது என்றவுடன் மணி எவ்வளவு பெரியது, கதிர் நிமிர்ந்திருந்ததா சாய்ந்திருந்ததா என்று விசாரித்தார். பிறகு, மடுவின் கரையில் பதிவு செய்த சத்தத்தைக் கூண்டுக்குள் கைப்பேசியில் போட்டேன். கூண்டு ஒரு க்ஷணம் நிசப்தமாயிற்று. அடுத்த க்ஷணம் அறுபது தொண்டைகளும் ஒன்றாகத் திறந்துகொள்ள, கிளைகளிலிருந்தவை எல்லாம் வலையில் வந்து தொற்றிக்கொண்டன. கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார் என்று நினைத்தேன். கண் திறந்துதான் இருந்தது. பெட்டிகளின் வரிசையில் இருந்தது.

"போதும், நிறுத்துங்கள்" என்றார். "மூன்றாவது பெட்டியில் பெட்டை முட்டையை விட்டு வெளியே வந்துவிட்டது."

நிறுத்தினேன். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெட்டை துவாரத்துக்குள் திரும்பிப் போகிற வரையில் இருவரும் அசையாமல் நின்றோம்.